தெரியாது என்று சொல்லப் பழகியவள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று நாள் முழுக்கச் சந்தேகப்பட வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அதே வேலையை வீட்டில் இலவசமாகச் செய்துவந்தேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். என் மனைவி ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்த்து வருடக்கணக்காகிறது. நாங்கள் போய்ச் சேரும்போது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். மாத்திரை தருவார் என்று நினைத்தேன்; அந்த அம்மா வீட்டுப்பாடம் கொடுத்தார். முதலில் குழாய், பிறகு கேஸ், கடைசியில் வாசல் கதவு. ஒரே தடவை மூடிவிட்டு நகர வேண்டும். பயம் ஏறும், ஒன்றும் செய்யாமலிருந்தால் தானே இறங்கும். மனைவிக்கும் ஒரு விதி: "பூட்டியாச்சுன்னு நீங்க ஆறுதல் சொல்லக் கூடாது. கேட்டா, தெரியாதுன்னுடுங்க."

இருபத்திரண்டு வருடம் அலுக்காமல் "பூட்டியாச்சுங்க" என்று சொன்னவளுக்கு இது என் வைத்தியத்தைவிடக் கசப்பு.

குழாயும் கேஸும் தேறின. கதவுக்கான நாள், குடியாத்தத்தில் அவள் தம்பி மகள் கல்யாணம். ஒரே தடவை பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். மாதனூர் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"பூட்டினேனா?"

"தெரியாதுங்க."

"நீ பக்கத்துலதான நின்னே?"

"நின்னேன். தெரியாது."

முன் சீட்டு அம்மாள் திரும்பினாள். "இன்னாம்மா நீ? மனுசன் வேர்த்து ஊத்திக்கினு கேக்கறாரு. ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போய்டுவே?"

என் மனைவி முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கக் கூடாது என்று ஆலோசகர் சொல்லவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் எழுந்துவிட்டேன்.

"எறங்கணும்னா எறங்குங்க," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "நான் போறேன்."

நானில்லாமல் எந்த விசேஷத்துக்கும் போகாதவள். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. உட்கார்ந்தேன். குடியாத்தம் வந்தபோது பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, கேட்காமல் இருக்குமளவு.

மண்டபத்துக்குள் நுழையவும் கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது. முன்னால் கூட்டம். என் தோளைப் பிடித்து எம்பி நின்று பார்த்தாள் அவள். கையிலிருந்த அட்சதையைப் போடவே மறந்துவிட்டாள். அவள் விரல்களைப் பிரித்து எடுத்து, இரண்டு பேர் பங்கையும் நானே போட்டேன்.