தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஒரு தேதி

1. பூட்டிய பிரசவ வார்டு

நீலகிரியில் ஓவேலிப் பக்கம் இருந்த அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிரசவ வார்டு பூட்டியிருந்தது. சாவி ஃபேக்டரியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கட்டில்கள், குழந்தையை எடை போடும் தராசு, அதன் மேலேயே அடுக்கி வைத்த காலிச் சாக்குகள்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. இலையை விற்றால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை. எஸ்டேட்டுகள் முதலில் பெயின்ட் அடிப்பதை நிறுத்தின, அப்புறம் போனஸ், அப்புறம் ஆஸ்பத்திரி. தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் சட்டப்படியான கடமை. அதனால் அரசு சுகாதார நிலையங்களின் வரைபடத்தில் எஸ்டேட் எல்லைக்குள் எதுவும் குறித்திருக்காது. அரசின் கிராம செவிலியர் எஸ்டேட் கேட் வரை போவார்; கேட்டுக்கு உள்ளே கம்பெனி பொறுப்பு. கம்பெனி கையை விரித்ததும் உள்ளே யாருமே இல்லாமல் போயிற்று.

நான் அப்போது அரசுக்கு சுகாதாரக் கொள்கையில் ஆலோசனை சொல்லும் குழுவில் இருந்தேன். சொந்த ஊர் கோயமுத்தூர். நீலகிரியில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராகப் பல வருஷம் இருந்தவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. மூடப்படும் எஸ்டேட் ஆஸ்பத்திரிகள் விஷயத்தில் அரசு என்ன செய்யலாம் என்று நான் பரிந்துரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

தொழிற்சங்கச் செயலாளர் ராமையா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து பெற்றோரோடு வந்தவர். தொழிலாளர் குடியிருப்பை இன்னமும் லயம் என்றுதான் சொல்வார். லயத்தின் கடைசி வீட்டில் பாக்கியம் என்ற பெண் இருந்தாள். கொழுந்து பறிப்பவள். வார்டு பூட்டிய பிறகு பிரசவத்துக்குக் கூடலூர் போக வேண்டியிருந்த முதல் ஆள் அவள்தான்.

"வெள்ளன நோவு கண்டுச்சுங்க. கொழுந்து நிறுத்து முடிஞ்சாத்தான் லாரி எடுப்போம்னுட்டாங்க. காத்துக் கெடந்து ஏறிப் போனோம். பாதி வழியில புள்ள பொறந்துருச்சு. அழுவல." அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

ரத்தப்போக்கு, காய்ச்சல் என்று ஒரு டாக்டர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன்.

வெளியே வந்ததும் ராமையாவிடம், இந்த வார்டை அரசே எடுத்து நடத்தும்படி எழுதப்போகிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"அது வேணாம் டாக்டரம்மா."

"ஏன்?"

"இது எங்களுக்கு முன்னால இருந்தவங்க ஸ்ட்ரைக் பண்ணி வாங்குன ஆஸ்பத்திரி. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா தொரைமாருக்கு ஒரு செலவு மிச்சம். நாளைக்குத் தேயிலை வெல ஏறும். அன்னைக்குத் திருப்பித் தொறப்பாங்களா? அரசாங்கந்தான் பாத்துக்குதேன்னு கைய கழுவிருவாங்க."

"சரி. அதுவரைக்கும் பாக்கியம் மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "அதுக்குத்தான் உங்கள அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டும் நெசந்தான். ரெண்டையும் எழுதுங்க."

2. செயலாளர் கேட்ட கேள்வி

இரண்டையும் எழுதினேன். வார்டுக்கு அரசு ஒரு ஸ்டாஃப் நர்ஸைத் தற்காலிகமாக அனுப்பும். கட்டடம், தண்ணீர், கரண்ட், வண்டி எல்லாம் கம்பெனி பொறுப்பு. அரசு உதவுவதால் கம்பெனியின் சட்டக் கடமை தீர்ந்துவிடாது. ராமையாவின் பயத்துக்கு இந்தக் கடைசி வரி காவலாக நிற்கும் என்று நம்பினேன்.

சென்னையில் சுகாதாரச் செயலாளர் முழுவதையும் என் எதிரிலேயே படித்தார். அவர் அப்படிப் படிப்பது அபூர்வம்.

"நல்லா எழுதியிருக்கீங்க டாக்டர். நர்ஸ் எங்கருந்து வருவாங்க?"

"ஒரு புதுப் பணியிடம் கேட்டிருக்கேன் சார்."

"புதுப் பணியிடத்துக்கு நிதித்துறை இப்ப தடை போட்டிருக்கு. இருக்கற இடத்துல இருந்து ஒருத்தரை எடுங்க. எந்த ஊர்லருந்துன்னு நீங்களே எழுதிக் குடுங்க. இல்லேன்னா இந்த ஃபைல் அலமாரியிலதான் இருக்கும்."

எங்களைப் போன்ற ஆலோசகர்கள் அறிக்கையில் 'வலுப்படுத்த வேண்டும்' என்று எழுதிப் பழகியவர்கள். எதைக் குறைத்து வலுப்படுத்துவது என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாவட்டத்தின் எல்லா நிலையங்களையும் வைத்துப் பார்த்தேன். பிரசவங்கள் குறைந்து, நர்ஸ்கள் மட்டும் குறையாமல் இருந்த நிலையம் ஒன்றே ஒன்று. ஊட்டிப் பக்கம், இத்தலாருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். ரோடு போட்ட பிறகு அங்கே கர்ப்பிணிகள் நேராக ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். கணக்குப்படி அங்கிருந்து எடுப்பதுதான் சரி. அந்த நிலையத்தில்தான் நான் என் முதல் போஸ்டிங்கில் மூன்று குளிர்காலம் இருந்தேன். அந்த ஊரில் எனக்கு ஏறாத வீடு கிடையாது.

துறையில் என்னோடு வேலை செய்த இணை இயக்குநர் நல்ல மனிதர். "ஆர்டர் போனதும் ஊர்க்காரங்களே தெரிஞ்சுக்குவாங்க. முன்னாடியே போய்ச் சொன்னீங்கன்னா ரோட்டை மறிச்சிடுவாங்க மேடம்" என்றார். அவர் சொன்னது அனுபவத்தில் சொன்னது. இருந்தாலும் ஃபைலில் கையெழுத்துப் போடாமல் ஊட்டிக்கு பஸ் ஏறினேன்.

3. கலாவதி கேட்ட இரண்டு விஷயம்

மாற்றப்பட வேண்டிய நர்ஸ் கலாவதி. திருப்பூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். அழுவார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

"என்னைய எங்க போட்டாலும் போறனுங்க மேடம். எனக்கு ரெண்டே ரெண்டு விசயம் தெரியோணும். குவார்ட்டர்ஸ்ல தண்ணி வருமா? யானை வருமா?"

"தண்ணிக்கு ஏற்பாடு பண்றேன்."

"அப்ப யானை வரும்."

"வரும்" என்றேன். ஓவேலியில் யானை வராது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கலாவதி சிரித்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

4. இழக்கப் போகிற ஊர்

கிராமத்தின் சமுதாயக் கூடத்தில் கூட்டம். பெரும்பாலும் படகர் வீடுகள். ஆளுக்குக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள். கடை வைத்திருக்கும் கோயமுத்தூர்க் குடும்பங்கள் சில. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கை விட்டுவிட்டுத் தேயிலைக்கு மாறியவர்கள், அப்போது தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேயிலை விலை எஸ்டேட்டை மட்டும் அடிக்கவில்லை.

நான் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். பூட்டிய வார்டைச் சொன்னேன். பாக்கியத்தின் பெயரைச் சொல்லாமல் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். உங்கள் நர்ஸ்களில் ஒருவரை அங்கே அனுப்ப எழுதப்போகிறேன், அதன் பிறகு இங்கே சாயங்காலத்துக்கு மேல் நர்ஸ் இருக்க மாட்டார் என்றும் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாந்தா எழுந்தாள். மகளிர் குழுத் தலைவி. மூச்சிரைப்புக்காரியான அவள் மாமியாரை நான் அந்தக் காலத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நீங்க வந்து நேர்ல சொன்னீங்க, அதுக்கு மரியாதைங்க. அந்தப் பொண்ணுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனா இங்க வயசானவங்க மூச்சு முட்டி வர்றது சாயங்காலத்துலதான். நீங்களே பாத்தவங்க. குளிர்ல எங்க மாமியார ஊட்டிக்கு எதுல கொண்டு போவேன்? ஜீப் வாடகைக்கு எல வித்த காசு பத்தாது."

"தெரியும் சாந்தா."

"சரி, உங்க ஆர்டர்ல என்னன்னு எழுதுவீங்க? படிங்க."

வரைவைப் படித்தேன். 'தற்காலிகமாக, மறு உத்தரவு வரும் வரை' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"எங்க ஊர் பஸ்ஸையும் தற்காலிகமாத்தான் நிறுத்தினாங்க. எங்க வீட்டுக்காரர் அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தார். எது வரைக்கும்னு தேதி போடுங்க. அந்தத் தேதிக்கு எங்களுக்கு ஒரு நர்ஸ் வரணும்னு போடுங்க. போட்டா, நாங்க ரோட்டுக்கு வரல."

பின்வரிசையில் ஒரு பெரியவர் படக மொழியில் ஏதோ சொன்னார். கூடத்தில் லேசான சிரிப்பு. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தேதி போட்டா உங்க வேலை போயிரும்னு சொல்றார்" என்றாள் சாந்தா.

5. கெடு

சுகாதாரச் செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "எந்த ஆர்டர்லயும் முடிவு தேதி போட்டு நான் பாத்ததில்ல. நம்ம கழுத்துல நாமளே சுருக்கு மாட்டிக்கற மாதிரி."

"சுருக்கு இருந்தாத்தான் சார் நிதித்துறை நகரும். தேதி இல்லேன்னா நான் ஊர் பேரை எழுத மாட்டேன்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் பேனாவை எடுத்து, தன் கையாலேயே ஒன்றரை வருஷம் தள்ளி ஒரு தேதியை எழுதினார்.

வார்டு திறந்தது. கலாவதி போன முதல் மாதமே யானை வந்து தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிப் போட்டது. அதைச் சரி செய்ய எஸ்டேட் மேனேஜரோடு அவர் போட்ட சண்டை கூடலூர் வரை பேசப்பட்டது. பிரசவங்கள் நடந்தன. லாரிக்குக் காத்திருப்பது நின்றது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் சாந்தாவின் மாமியாருக்கு ஒரு சாயங்காலம் மூச்சு முட்டியது. ஊட்டிக்குக் கொண்டு போய்க் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஜீப்புக்காக நகை அடகுக்குப் போயிற்று. சாந்தா எனக்கு போன் செய்து அதைத் தகவல் மாதிரிதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கெடு நெருங்கியதும், நீட்டிப்பு உத்தரவின் வரைவு ஒன்று தயாராகி வந்தது. மறுபடியும் 'மறு உத்தரவு வரும் வரை'. நான் ராமையாவுக்கும் சாந்தாவுக்கும் தகவல் சொன்னேன். அவர்கள் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒரே ரயிலில் சென்னை வந்து செயலாளரின் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"நர்ஸம்மா இவங்க ஊருக்குச் சேர வேண்டியவங்கதான். மறுக்கல. எங்களுக்கு ஒருத்தரப் போட்டுட்டு அவங்கள அனுப்புங்க" என்றார் ராமையா.

"அவங்க வார்டைப் பூட்டிட்டு எங்களுக்கு நர்ஸ் குடுத்தா, நாங்க வாங்கிக்க மாட்டோங்க" என்றாள் சாந்தா. "ஆனா தேதி நாங்க போட்டதில்ல. நீங்க போட்டது."

செயலாளர் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதித்துறைக்கு போன் போட்டார். உடனே நடந்துவிடவில்லை; ஃபைல் இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவையில்தான் புதுப் பணியிடம் கிடைத்தது. கலாவதி ஓவேலியிலேயே இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தார். புது நர்ஸ் சாந்தாவின் ஊருக்குப் போனார்.

ராமையா பயந்தது பாதி நடந்தது. தேயிலை விலை கொஞ்சம் ஏறியது. எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி ஆஸ்பத்திரியைத் தானே நடத்த முன்வரவே இல்லை. கம்பெனியின் கடமை தீராது என்று நான் நம்பி எழுதிய அந்தக் கடைசி வரியை வைத்து ராமையா வழக்காடி, வண்டியை மட்டும் வாங்கினார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

பிறகு வேறு மாநில அரசுகளின் ஆலோசனைக் குழுக்களிலும் இருந்தேன். எந்த அறிக்கையானாலும் கடைசியில் ஒரு பக்கம் சேர்ப்பேன். இந்தப் பரிந்துரையால் எந்த ஊர் எதை இழக்கிறது, எத்தனை காலத்துக்கு என்று அதில் இருக்கும். அந்த ஊருக்குப் போய் அதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன். கூட இருந்தவர்களுக்கு இது நேர விரயமாகத் தெரிந்தது. ஒரு பொருளாதார நிபுணர் என்னிடம் நேராகவே கேட்டார்: "இழக்கறவங்க எப்பவாவது ஒத்துக்கறாங்களா மேடம்?"

"ஒத்துக்கறதில்ல" என்றேன். "திருத்திக் குடுக்கறாங்க."