மொட்டை மைனாவின் தலை தீபாவளி

தலையில் முடியே இல்லாத மைனாவுக்கு எண்ணெய் எங்கே வைப்பார்கள்? நகராட்சிப் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வந்தது. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அத்தை. எதிரே புல்லில், இறகெல்லாம் உதிர்ந்து மஞ்சள் தோல் தெரியும் தலையோடு ஒரு மைனா தன் ஜோடியின் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. ஆவணியில் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவர், புரட்டாசி முடிவதற்குள் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டேன். அம்மா அடுப்பைத் தணித்தார். அப்பா பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். தீபாவளி நெருங்க நெருங்க அவரைப் பார்ப்பதே அரிது. அதனால் தினமும் சாயங்காலம் அத்தையைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. அத்தையைக் கேட்டால், என்னை அழைத்துப்போவது தன் பொறுப்பு என்பார். எங்கள் சின்ன காஞ்சிபுரம் தெருவில் நின்றால் தறிச் சத்தத்தையும் மீறி யாராவது கேட்பார்கள்.

"இன்னாமா, தலை தீபாவளி வருதே, மாப்பிள்ளை எப்ப வராரு?"

பறவைகள் அப்படிக் கேட்பதில்லை. தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டே ஒன்றையொன்று திட்டும். ஊர் வம்புக்கு அவற்றுக்கு நேரமில்லை. பார்க்கப் பார்க்க அத்தையின் தோள் இறங்கும். வீட்டில் வாய் திறக்காதவர் அங்கே, "அந்தக் காக்காவப் பாரேன், சம்பந்தி மாதிரி நடந்துக்கினு வருது" என்பார்.

நான் லீவு விட்டால் கதை எழுதுகிறவள். பிள்ளையார் சதுர்த்திக்கு, கொழுக்கட்டையை முட்டை என்று நினைத்து அடைகாத்த புறாவைப் பற்றி எழுதியிருந்தேன். தீபாவளிக்கு மைனா கிடைத்துவிட்டது.

தலை தீபாவளி என்றால் கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் தீபாவளி என்பது எனக்குத் தெரியாது. தலைக்கு எண்ணெய் வைப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தலையைப் பற்றியேதான் பேசினார்கள். "எல்லாம் தலையால வந்தது." "தலைய மறைச்சிட்டாங்களே அண்ணி!" பண்டிகை ஏற்பாடு நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

நடந்ததை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்கள். மாமாவின் தலையில் இருந்தது விக். கல்யாணத்துக்குப் பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது. வழுக்கையைப் பற்றி அவருக்குக் குறையில்லை; சொல்லாமல் விட்டதுதான் கோபம். மாமாவுக்கோ வெட்கம்; போன்கூடச் செய்யவில்லை. அத்தையும் செய்யவில்லை. இந்தத் தீபாவளிக்கு வராவிட்டால் மாப்பிள்ளை இனி வரவே மாட்டார் என்று என்னைத் தவிர எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

என் கதையில் பறவைகள் எல்லாம் மழை விட்ட காலையில் வரிசையாக நின்று எண்ணெய் வைத்துக்கொள்கின்றன. விசிறி போலக் கொண்டை வைத்த கொண்டலாத்திக்கு மட்டும் அரை லிட்டர் செலவாகிறது. மொட்டை மைனா வெட்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெண் மைனா தேடிப்போய்ச் சொல்கிறது: "முடி இல்லன்னா இன்னாய்யா? தலை இருக்குதுல்ல. வா, எண்ணெய் ஆறுது."

எழுதிய தாளைப் பூங்காவில் வைத்து அத்தையிடம் நீட்டினேன். படித்து முடித்து என் முகத்தையே பார்த்தார்.

"யார் சொன்னாங்க உனக்கு?"

"மைனாவா? நானேதான் பாத்தேன் அத்தை. நீங்களும் பாத்தீங்களே!"

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார். வேர்க்கடலை விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. பிறகு போனை எடுத்து, தாளைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். எழுத்துப்பிழையைத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் கண்ணு, அப்படியே போவட்டும்."

தீபாவளிக்கு முதல் நாள் மாமா வந்தார், தொப்பியோடு. விடிகாலையில் மணையில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய் வைக்க வந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னா அண்ணி பாத்துக்கினு நிக்கறீங்க? எண்ணெய் ஆறுது" என்றார் அத்தை. முதலில் சிரித்தது மாமாதான்.

கல்யாணத்தில் அடர்த்தியாக முடி இருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். "திருப்பதிக்குப் போனீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. பெரிய வேண்டுதல்."

மறுநாள் இருவரும் சென்னை பஸ் ஏறினார்கள். ஏறும் முன் மாமா என் கதையைப் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, அதுதான் காரணம் என்று முழுதாக நம்பினேன். பொங்கலுக்கு என்ன எழுதப் போகிறேன் என்பதை வீடு திரும்பும்போதே அம்மாவிடம் சொன்னேன்: காக்கா கூட்டில் பிறந்த குயில் குஞ்சு, தன் நிஜ அம்மா யார் என்று தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கும்.

அம்மா நடப்பதை நிறுத்தினார். "எழுது. ஆனா யாருக்கும் காட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டு."

என் எழுத்தின் மேல் அம்மாவுக்குத் திடீரென்று இவ்வளவு அக்கறை ஏன் என்று விளங்கவில்லை. அன்று சாயங்காலம் பெஞ்சில் அத்தை இல்லாதது என்னவோ போல் இருந்தது. நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, மரத்தில் குயிலைத் தேட ஆரம்பித்தேன்.