பர்மனண்ட் வேலையை விட்ட ஜப்பான்தா

எங்கள் ஊரில் ரக்பி மழைக்கால ஆட்டம். வெயிலில் கல்கத்தா மைதானத்து மண் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். விழுந்தால் தோல் அங்கேயே தங்கிவிடும். ஜூன் மழை இறங்கிச் சேறானதும்தான் கிளப்புகள் பந்தை வெளியே எடுக்கும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கு அந்தச் சேறுதான் காலேஜ். விங்கில் ஆடினேன். ஓடுவது என் வேலை. யார் கையிலும் சிக்காதவரை நான் வீரன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, அப்படி ஒரு மழையில் ஜப்பான்தா வந்தார். அவருடைய அக்கா கணவர் இங்கே ஒரு ஜப்பான் கம்பெனியில் அதிகாரி, அலிப்பூரில் ஃபிளாட். அந்த வீட்டுக் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்திருக்கும் மைத்துனர் ரக்பி ஆடுகிறவர் என்று தெரிந்ததும் நேராகக் கிளப்புக்குக் கடத்திப் போய்விட்டேன். வங்காளிகள் அண்ணனைத் 'தாதா' என்பார்கள், பெயரோடு சொன்னால் 'தா' சேர்ப்பார்கள். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஜப்பான்தா ஆனார். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மிச்சம் கையும் காலும்.

அவர் ஊரில் ரக்பி டீம் என்றால் கம்பெனி டீம். காலேஜில் நன்றாக ஆடினவனுக்குக் கம்பெனி மேஜையும் நாற்காலியும் கொடுக்கும். பகலில் டை கட்டிக்கொண்டு ஃபைல் பார்க்க வேண்டும், சாயங்காலம் கிரவுண்டு. நம் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரிதான். ஆட்டம் ஓய்ந்தாலும் நாற்காலி போகாது. தொண்ணூறுகளில் அப்படித்தான் இருந்தார். பிறகு ஆட்டத்துக்கே சம்பளம் என்று புரொஃபெஷனல் ஒப்பந்தம் வந்தது. அதில் கையெழுத்துப் போட நாற்காலியை விட வேண்டும். விட்டார். சில சீசன் நன்றாகப் போனது. வயது முப்பதைத் தாண்டியதும் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வேறொரு சின்ன டீம் மட்டும், "செப்டம்பர்ல வந்து ஆடிக் காட்டு, பாக்கலாம்" என்றிருந்தது. அதுவரை உடம்பு துருப்பிடிக்காமலிருக்கத்தான் எங்கள் சேறு.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பர்மனண்ட் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்தானா? அவன் வீட்ல சொல்றதுக்கு ஆளே இல்லையாடா?"

"இருக்காங்கம்மா. அவங்களும் உன்ன மாதிரிதான் கத்தியிருப்பாங்க, ஜப்பான் பாஷைல."

"நீ பேசாத. உனக்கு விடறதுக்குக்கூட ஒரு பர்மனண்ட் வேலை கெடையாது."

அவர் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். அடிபட்டு ஒருவன் விழுந்தால், பெரிய அலுமினியக் கெட்டிலோடு ஆள் ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றுவான். விழுந்தவன் எழுந்து நிற்பான். ஜனம் கைதட்டும். பெரிய டீம்களுக்கு டாக்டர் வந்தபிறகு கெட்டில் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களிடம் டாக்டர் இல்லை, பக்கத்தில் டீக்கடை இருந்தது. மறுநாளே ஒரு பழைய கெட்டில் டீமில் சேர்ந்தது. நான் புல் தடுக்கி விழ ஆரம்பித்தேன்.

"ஷாலா, உன்மேல ஒருத்தன் கைகூடப் படல!" என்று கேப்டன் கத்துவார். அவர் வங்காளி, போலீஸ்காரர்.

"இஞ்சி போட்டு ஊத்துங்க தாதா" என்பேன் படுத்துக்கொண்டே.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மேட்ச். எதிர் டீம் தடியன் ஒருவன் பந்தோடு வந்தான். டேக்கிள் பண்ண ஜப்பான்தா தாழ்ந்து போய் அவன் தொடையைக் கட்டினார். சேற்றில் கால் வழுக்கி, அவர் தலை தடியனின் முட்டிக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். தடியன் எழுந்தான்.

கேப்டன் ஓடிவந்து மண்டி போட்டார். "உடோ நா தாதா, ஷுயே தாகோ." எழுந்திருக்காதே, படுத்திரு.

ஜப்பான்தா கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னார். "கெட்டில்."

கேப்டன் வேண்டாமென்று கையை ஆட்டுவதற்குள் கெட்டில் வந்துவிட்டது. இன்னும், இன்னும் என்று அவரே கேட்டு வாங்கினார். தண்ணீர் வடிய எழுந்து நின்றார். மரத்தடியில் ஒதுங்கியிருந்த ஜனம் கைதட்டியது. கடைசி விசில்வரை ஆடினார். இடது கை மட்டும் ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன ஜப்பான்தா, லெஃப்ட் ஹேண்டுக்கு இன்னிக்கு கேஷுவல் லீவா?"

சிரித்தார்.

திரும்பும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. மழை முகத்தில் அடித்தும் ஏற்றவில்லை.

"ஏத்துங்க ஜப்பான்தா, கெட்டில்ல குளிச்சது பத்தலையா?"

"கை வரல" என்றார்.

வண்டியை ஓரங்கட்டி நான்தான் எட்டி ஏற்றினேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் கழுத்து நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். விழுந்த இடத்தில் அசையாமல் கிடந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதாம். கை ஓரளவு திரும்பலாம். இன்னொரு தடவை அதே இடத்தில் அடிபட்டால் நடக்கவே முடியாமல் போகலாம்.

"அந்தப் பழைய ஆபீஸ்லயே கேட்டுப் பாக்கச் சொல்லுடா" என்றாள் அம்மா. "ஒரு ஓரமா உக்காந்துக்கட்டும்."

அதை அப்படியே அவரிடம் கேட்டேன்.

"அந்த எடத்துல இப்ப வேற பையன் இருக்கான்" என்றார். "நல்லா டேக்கிள் பண்றான்."

செப்டம்பர் பிறந்தது. அந்தச் சின்ன டீமோடு பேசுவது அக்கா காதில் விழக்கூடாதென்று, பெஹாலாவில் எங்கள் தெரு ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் இடுப்பிலிருந்து குனிந்து வணக்கம் வைத்தார், டெலிபோனுக்கு. நிமிர்ந்து மறுபடியும் குனிந்தார். கம்பி வழியாக அவர்களுக்குத் தெரியவா போகிறது என்று சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ரிசீவரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"வர முடியாதுன்னு சொன்னேன். கழுத்தப் பத்தியும் சொன்னேன்."

"அவங்க?"

"நன்றின்னாங்க. ரொம்ப சீக்கிரமா."

கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அடுத்து பேசக் காத்திருந்த ஆள் பொறுமையில்லாமல், "ஏக்டு ஷோரே தாதா" என்றார். கொஞ்சம் தள்ளிக்கோங்க.

ஜப்பான்தா அவருக்கும் இடுப்பிலிருந்து குனிந்து வழிவிட்டார்.