மைக் அக்கா எடுத்த ஒருநாள் லீவு

மைக் அக்கா பின்பக்கமாகப் படியேறிக்கொண்டிருக்கிறார். முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கிறது, குதிகால் அடுத்த படியைத் தடவிக் கண்டுபிடிக்கிறது. கோட்டை வாசலிலிருந்து உச்சிக்கு நூற்றுப் பதினொரு படி. முப்பத்தேழாவது படியில் ஒரு மூலை உடைந்திருக்கும். அங்கே மட்டும் காலைக் கொஞ்சம் அகட்டி வைப்பார். "கீழ பாத்து வாங்க. என்னைப் பாக்க வேணாம், நான் அப்படி ஒண்ணும் அழகில்ல" என்பார். கூட்டம் சிரிக்கும். இருபத்திரண்டு வருடமாக அதே படி, அதே சிரிப்பு.

சுற்றுலா பஸ்ஸில் கைடு. வாரத்துக்கு ஆறு நாள். காலையில் கோட்டை, மதியம் குகை ஓவியம், வெயில் தாழ்ந்ததும் அருவி. தலையில் பெரிய தொப்பி, இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய். மழைக்காலத்தில் அருவிப் பாதையை அடைத்துவிட்டால், பஸ்ஸுக்குள்ளேயே நின்று அருவியைச் சொல்லிவிடுவார். கேட்டவர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதாக டிரைவர் சத்தியம் செய்கிறார்.

அந்த டிரைவரோடு பதினாலு வருடம். "என் இடது காதை அக்காவுக்கே எழுதிக் குடுத்துட்டேன். பொண்டாட்டி பேசுறது வலது காதுக்கு மட்டும்தான் கேக்கும்" என்பார். அக்காவின் குரல் கடைசி சீட்டுக்குப் போய்ச் சேரும்படி வளர்ந்த குரல். மைக் கெட்டுப்போன நாளிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பால் பாக்கெட் வாங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். கீழ் வீட்டுக்காரி ஒருநாள் மாடிக்கே வந்து சொன்னாள்: "அக்கா, நீங்க பொண்ணுகிட்ட போன்ல பேசுறது எனக்கு முழுசாக் கேக்குது. அவ என்ன பதில் சொல்றான்னுதான் தெரியாம தவிக்கிறேன்."

கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. "அந்த மனுஷன் வாயே தொறக்க மாட்டார். அவர் பங்கையும் சேத்து நான் பேசவேண்டியதாப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். தலைகளை எண்ணுவது இன்னொரு பழக்கம். டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பவர்களை எண்ணுவார், லிஃப்டில் நிற்பவர்களை எண்ணுவார். வீட்டில் எண்ணுவதற்கு ஆளில்லை. ஒரு டம்ளர் காப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் கட்டடத்து மொட்டை மாடியில் காயும் துணிகளை எண்ணுவார்.

மகள் ஒருத்தி. கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"குளிக்கிறார்மா."

ஆறு மாதமாக மாப்பிள்ளை குளித்துக்கொண்டே இருக்கிறார். "அந்த ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல போல" என்று அக்கா பஸ்ஸில் சொன்னபோது டிரைவர் சிரித்துவிட்டார். கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு ஹாரன் அடிக்கவேண்டிய இடத்தில்கூட அடிக்கவில்லை.

போன மாதம் மகளிடமிருந்து செய்தி வந்தது. ஆபீஸ் வேலையாகப் பக்கத்து நாட்டுக்கு வருகிறாள். திரும்பும் வழியில் ஒரே ஒரு பகல் இங்கே, சாயங்காலம் விமானம். கடைசி வரி: 'உன்கிட்ட ஒண்ணு பேசணும்மா. நேர்லதான்.'

அக்கா லீவு எழுதிக் கொடுத்தார். மானேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவரும் கூடவே லீவு போட்டு, மச்சானின் காரை வாங்கி வைத்துக்கொண்டார்.

"அக்கா, நாளைக்கு வாயை மட்டும் வீட்லயே வச்சுட்டு வாங்க."

"ஏன்டா, நான் என்ன ஊமையா?"

"ஒருநாள் இருந்துதான் பாருங்களேன்."

மறுநாள் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த மகள் மெலிந்திருந்தாள். காரில் ஏறியதும், "வீட்டுக்கே போயிடலாம்மா, சும்மா உக்காந்திருக்கலாம்" என்றாள்.

"வீட்ல என்னடி இருக்கு? நீ கோட்டையைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!" என்றார் அக்கா.

வீட்டில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் மகள் உட்கார்ந்தால் மற்றதில் தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். என்ன சொல்வாள் என்பது அக்காவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, காதால் கேட்பது வேறு.

முதல் பத்துப் படி வரை அக்கா மகளின் பக்கத்திலேயே நடந்தார். பதினோராவது படியில் கால் தானாகவே திரும்பிக்கொண்டது. மகளின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக ஏறத் தொடங்கினார்.

"அம்மா, கொஞ்சம் உக்காரலாமா?"

"மேல போய் உக்காரலாம். நல்லா காத்து வரும்."

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"இரு இரு, இந்தக் கல்லைத் தட்டிப் பாரு. மணி மாதிரி கேக்கும்."

கல் மணி மாதிரிதான் கேட்டது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த வயதான தம்பதி நின்றார்கள். கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. கைடு இல்லாமல் முழித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். ஆட்கள் சேரச் சேர அக்காவின் குரல் கடைசி சீட்டைத் தேடி உயர்ந்தது. பீரங்கி மேடை, மழைத்தண்ணீர்த் தொட்டி, தளபதி தப்பித்துப் போன சுரங்கம் என்று ஒன்றையும் விடவில்லை. தளபதிக்குத் தொப்பை இருந்ததால் பாதி வழியில் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னபோது வயதான அம்மாள் சிரித்துச் சிரித்துக் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் அக்கா வழக்கம்போலத் தலைகளை எண்ணினார். பதினேழு. எல்லாம் சரியாக இருந்தது.

கைதட்டினார்கள். "மேடம், நீங்க எந்தக் கம்பெனி?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவர் பெற்றது ஒன்று. அந்தப் பதினேழில் அது இல்லை.

இத்தனை வருடத்தில் ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை அவர். குகைக்குப் பக்கத்துக் கழிவறையில் தூங்கிப்போன ஒரு பெரியவருக்காகப் பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸைத் திருப்பியவர். இப்போது படிகளில் முன்னால் பார்த்து, விடுவிடுவென்று இறங்கினார். இறங்கும்போதும் கூட்டத்தைப் பார்த்தபடியே இறங்கிப் பழகிய கால் உடைந்த படியில் தடுக்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சிராய்த்தது.

மகள் கார்க் கதவைத் திறந்துவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. டிரைவர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போனே? பதறிட்டேன்!"

"இங்கதாம்மா. நீ நல்லாப் பேசிட்டிருந்தே, எல்லாரும் ரசிச்சுக் கேட்டுட்டிருந்தாங்க. நடுவுல எதுக்குன்னு வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேனே, ரெண்டு தடவை. பின்னாடி நிக்கிறவங்க பேசாம வாங்கன்னு சொன்னே."

மகள் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரி வந்தது. டிரைவரின் கால் பழக்கத்தில் பிரேக்கை அழுத்திவிட்டது; பறவைகளைப் பற்றி அக்கா ஆரம்பிக்கும் இடம் அது. பின் சீட்டில் சத்தமே இல்லை. டிரைவர் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

கடற்கரைச் சாலையில் திரும்பியதும் வெள்ளையும் சிவப்புமாக ஒரு கலங்கரை விளக்கம் தெரிந்தது. அம்மாவின் வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமலோ என்னவோ, மகள் விரலை நீட்டிக் கேட்டாள்:

"அது எந்த வருஷம் கட்டினதும்மா?"

வருடம், உயரம், உள்ளே எத்தனை படி, புயலன்று விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவனின் கதை எல்லாம் அக்காவின் தொண்டை வரை வந்து நின்றன.

"தெரியலடி" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "உனக்கா தெரியாது?"

"தெரியல."

எட்டி, மகளைத் தாண்டிக் கை நீட்டி, அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினார். காற்றின் இரைச்சல் நின்றது. சீட்டின் நடுவுக்கு நகர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காதை மகளின் பக்கம் கொண்டுபோனார்.