தம்பியோடு கை மடக்கிய அன்று

என் வலது மேற்கை எலும்பு தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து உடைந்தது. நான் எங்கும் விழவில்லை, யாரும் என்னை அடிக்கவுமில்லை. கொட்டாஞ்சேனையில் அவனுடைய மகளின் பிறந்தநாள். கேக் வெட்டிச் சாப்பிட்டு முடிந்ததும் ஆண்கள் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து, முழங்கையை ஊன்றிக் கை மடக்கத் தொடங்கினார்கள். தம்பி ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன், என்னைவிட ஐந்து வயது இளையவன், பாரத்தில் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறைகூட அவன் இந்த அக்காவை வென்றதில்லை. இதை அவன் மனைவிக்குச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு எதிரில் அமர்ந்தேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அவன் வேண்டுமென்றே மெதுவாகப் பிடித்தான். அது எனக்கு விளங்கிவிட்டது, கோபமும் வந்தது.

"சும்மா பாவம் பாக்காத. ஒழுங்காப் பிடி."

ஒழுங்காகப் பிடித்தான். என் கை பாதி தூரம் சாய்ந்தது. விடக்கூடாதென்று தோளையும் உடம்பையும் முழுதாகத் திருப்பி அவன் கையை அமுக்கினேன். முகம்கூட மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம். காய்ந்த மட்டையை முறித்தது போல ஹோலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. வலி வருவதற்கு முன்பே கையின் கீழ்ப்பாதி எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கியது. தம்பி கையை விட்டுவிட்டு எழுந்து நின்றான். "இன்னும் மேசையில படேல்ல" என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அவன் மனைவி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் ஒரு தமிழர். எப்படி நடந்தது என்று கேட்டார். மாடிப்படியில் வழுக்கியதாகச் சொன்னேன். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் எடுக்கும் ஒருத்தி, கை மடக்கி எலும்பை உடைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நம்பாதவராக என்னைப் பார்த்தார்.

"விழுந்தா அநேகமா இப்பிடிச் சுத்தி உடையாது. இது திருகி உடைஞ்ச எலும்பு. யாரோட கை மடக்கினனீங்கள்?"

பக்கத்தில் நின்ற என் கணவர் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "என்னோட" என்றான்.

டொக்டர் அவனைத் திட்டவில்லை. வயதானவர்களுக்கு இந்த எலும்பு பெரும்பாலும் விழுந்துதான் முறியும், இளையவர்களுக்கு வாகன விபத்தில் முறியும், ஆனால் இப்படி மேசையில் முறித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு என்றார். முன்னங்கை ஒரு பக்கம் பிடிபட்டிருக்க உடம்பு மறுபக்கம் திரும்பினால், இடையிலுள்ள எலும்புதான் அந்தத் திருகலைத் தாங்க வேண்டுமாம். சோக்குக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் சரிவாக உடைவதைத் தினமும் பார்க்கிறவள் நான். உடனே விளங்கியது.

பிறகு மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். கை அசையாமல் தொங்கியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பின்பக்கத்தைத் தொட்டார், அங்கே உணர்வே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித்தான் போகிறது, எலும்பு உடைந்தபோது நசிந்திருக்கிறது என்றார். அறுந்திருக்கச் சாத்தியம் குறைவு, பெரும்பாலும் தானாக வரும், சில மாதம் பொறுத்தும் வராவிட்டால் ஒப்பரேஷனைப் பற்றிக் கதைப்போம் என்றார். எண்ணெய் தடவி உருவ யாரிடமும் கையைக் கொடுக்கக்கூடாது என்பதை இரண்டுமுறை சொன்னார்.

முதல் இரண்டு கிழமை பிளாஸ்டர். அதன்பின் மேற்கையைச் சுற்றி இறுக்கிக்கட்டும் பிளாஸ்டிக் கவசம், தொங்கும் மணிக்கட்டுக்கு வேறொரு தாங்கி. கையின் பாரமே எலும்பை நேராக இழுக்கும் என்பதால் சாய்ந்த கதிரையில் இருந்தபடிதான் தூங்கினேன். தலை பின்னிவிட்டவர் என் கணவர். மூன்றாம் கிழமை வகுப்பைத் தொடங்கினேன். இடக்கையால் நான் கீறிய பென்சீன் வளையங்கள் உருளைக்கிழங்கு போலிருந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருவரும் வகுப்பை விட்டுப் போகவில்லை.

தம்பிதான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிப் போவான். ஒருநாள் காலி வீதி நெரிசலில் நின்றபோது சொன்னேன்.

"நீ உடைக்கேல்ல. நான்தான் உடம்பத் திருப்பினனான். டொக்டர் சொன்னது கேக்கேல்லயா?"

"கேட்டனான். ஆனா கை என்ர கையுக்குள்ளதானே இருந்தது, அக்கா."



பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் தெரியும். என் கையை மேசையில் பக்கவாட்டில் வைத்து மணிக்கட்டைப் பின்னால் நகர்த்தச் சொல்வார். "தவ டிகக், மிஸ்" என்பார், இன்னும் கொஞ்சம் என்று. ஒன்றும் நடக்காது. அவரும் சோராமல் மறுபடி அதையே சொல்வார். இப்படி ஒன்பது கிழமை போனது. வீட்டிலும் நாளுக்கு நாலுமுறை, பிள்ளைகளின் விடைத்தாள்களைத் தள்ளிவைத்துவிட்டு, அசையாத கைக்கு அசையச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் கிழமை அவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். என் இடக்கையின் விரலை எடுத்து, வலது முன்னங்கையில் முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் வைத்தார். மறுபடி முயலச் சொன்னார். தோலுக்கடியில் ஏதோ துடித்தது. மணிக்கட்டு ஒரு நெல்மணி அளவு பின்னால் போனது.

"ஆவா, மிஸ். வந்துட்டுது."

இன்னும் ஐந்து தடவை செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். வெளியே வாங்கில் அமர்ந்திருந்த தம்பியிடம் போய் மேசைக்காகக்கூடக் காத்திராமல், அவன் முழங்காலில் கையை வைத்துச் செய்துகாட்டினேன். அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைக் கண்டு வாங்கிலிருந்த மற்ற நோயாளிகள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். நல்ல செய்தி என்று நான் அவர்களுக்கு இரண்டு மொழியில் விளக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் எல்லாம் வேகமாக வந்தது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் உடைவைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு கட்டியிருந்தது, கவசத்தைக் கழற்றினார்கள். மணிக்கட்டு நிமிர்ந்தது, விரல்கள் விரிந்தன. ஐந்தாம் மாதம் கடைசியாகப் பெருவிரல் வந்தது. டொக்டர் முன்னால் அதை உயர்த்திப் பிடித்தேன். அவரும் தன்னுடையதை உயர்த்தினார். இனி வரத் தேவையில்லை என்று எழுதித் தந்தார்.

தம்பியை அன்று வரவேண்டாமென்று சொல்லியிருந்தேன். பஸ்ஸில் ஏறினேன். நெரிசலாக இருந்தது. கையிலிருந்த எக்ஸ்ரே உறையைப் பார்த்த ஒருவர் எழுந்து இடம் தந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலேயுள்ள கம்பியை வலக்கையால் பிடித்துக்கொண்டு வெள்ளவத்தை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.