என் பேனாவால் போட்ட வட்டம்

தோலில் வரைய எந்தப் பேனா நல்லது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். மைப்பேனா வியர்வையில் பரவிப் பூவைப் பூசணிக்காயாக்கிவிடும். பால்பாயிண்ட் இரண்டு இழுப்பில் நின்றுபோகும். அழுத்தினால் தோல்தான் சிவக்கும். திருச்சியில் லாரி ஆபீசில் வேலை பார்த்த மாமா, மூட்டைகளில் விலாசம் எழுதும் கறுப்பு மார்க்கர் ஒன்று கொடுத்திருந்தார். அதற்கு ஈடே கிடையாது.

தா.பழூர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் என்னிடம் கை நீட்டாத பெண் இல்லை. மருதாணிக்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். நான் கொடி, மாங்காய், மயில் எல்லாம் சோற்று மணி அடிப்பதற்குள் போட்டுவிடுவேன். நாலைந்து குளியலில் சுவடில்லாமல் போய்விடும். அரசாங்க ஓவியப் பரீட்சை எழுதி ட்ராயிங் டீச்சராவது என்று முடிவே செய்திருந்தேன். அதற்குப் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் குஷ்டரோகம் இருக்கிறதா என்று பிள்ளைகளைச் சோதிக்க ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொருவராகக் கை, கால், முதுகு பார்த்தார். என் முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது.

"தேமல்தான் சார்" என்றேன்.

"அத டாக்டர் சொல்லட்டும்" என்று திட்டைச் சுற்றி அடையாளம் போடப் பேனாவை எடுத்தார். வழக்கம்போல அது வியர்வையில் வழுக்கியது.

"யாருட்டயாச்சும் நல்லா எழுதுற பேனா இருக்கா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. பெருமையோடு மார்க்கரை எடுத்து நீட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். திருப்தி. பிறகு திட்டைச் சுற்றி ஒரு வட்டம். "அடுத்த வாரம் டாக்டர் வருவாரு. அதுவரைக்கும் அழிக்காத" என்றவர், பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வீட்டிலேயே இருக்கும்படி ஹெட்மாஸ்டர் அனுப்பிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அடிபம்பில் பெண்கள் கூட்டமாக நின்று கையைச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நான் போட்ட கொடிகள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குனிந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சாயங்காலத்துக்குள் தெருவே பெருவியாதி என்று பேசியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதம்மா. நாலு நாள் குளிச்சா தானாப் போயிடும்."

"மை போயிடும்டி. உள்ள இருக்கிறது?"

அம்மா பிறந்தது ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டு ஊர். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் மருவையும் தேமலையும் சுட்டு எடுத்துவிடும் என்பது அவர்கள் வைத்தியம். டாக்டர் வருவதற்குள் திட்டே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். கோழி இறகில் தொட்டு, இன்ஸ்பெக்டர் போட்ட வட்டத்துக்குள் பிசகாமல் தடவினாள். நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் கொப்புளம். அது உடைந்து புண்.

டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் எரிந்து விழுந்தார்.

"இருந்த எடத்தையே சுட்டுப்புட்டீங்க. இப்ப நான் எதத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்கறது? ஆறட்டும், அப்பறம் அழைச்சிட்டு வாங்க."

புண் சீழ் வைத்து, ஆறி, அரியலூரில் பெரிய டாக்டர் பார்த்து எனக்கு எந்த வியாதியும் இல்லை, வெறும் தேமல்தான் இருந்திருக்கும் என்று சொன்னபோது, அந்த வருஷப் பரீட்சையே முடிந்திருந்தது. அதை எழுதி வாங்கி வரச் சொன்னார் ஹெட்மாஸ்டர். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் பொண்ணுக்கு நோயில்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்து அவுங்க முன்னாடி நிக்கணுமா? படிச்சது போதும், வூட்லயே கெடக்கட்டும்." ரோஷம் அவருக்கு, தண்டனை எனக்கு. அதோடு என் படிப்பு முடிந்தது.

அம்மாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பாசம் என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புண் சீழ் வைத்திருந்த நாட்களில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து மணிக்கட்டைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவைச் சோதிக்க இழுத்த கோட்டைக் காணவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோல் பழைய தோலாகவே இருந்தது. "பாரும்மா, போயிடுச்சு" என்று அம்மாவிடம் நீட்டினேன். அவள் மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எரியாமல் இருக்கப் புண்ணை ஊதிக்கொண்டிருந்தாள். அந்த வட்டம் இன்றைக்கும் தழும்பாக இருக்கிறது.