பதில் வராத ஒரு கேள்வி

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். லேசான தூறல். கந்தர்வக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். முந்திரிக்காட்டிலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய, பிரேக் பிடித்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் மனைவி, தலை தார்ச்சாலையில் மோத விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள்.

மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் அன்றே ஆபரேஷன் செய்தார்கள். பதினோரு நாள் அவள் கண் திறக்கவில்லை. பிழைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று தினமும் டாக்டரை நச்சரித்தேன். பொறுமையான இளைஞர். “கணக்கா சொல்ல முடியாதுங்கய்யா. கண்ணு முழிச்சாலும் பழையபடி இருப்பாங்களான்னு அப்புறம்தான் தெரியும்” என்பார்.

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தாள். தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்து, குரல் வர மேலும் ஒரு வாரம் ஆயிற்று. டாக்டர் ஊரைக் கேட்டார், சொன்னாள். மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்றதற்குத் துபாய் என்றாள். பிறகு என்னைக் காட்டி, “இவங்க பேரு என்னம்மா?” என்றார். என்னைப் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மறுநாளும் அதே கேள்வி, அதே மௌனம். நினைவு துண்டு துண்டாகத்தான் திரும்பும், சிலது திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஞாபகம் இருக்கிறது, துபாய் இருக்கிறது, நான் மட்டும் இல்லையா?

அவளைப் பார்க்க வந்த கொழுந்தியாளிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவள் நேரே அக்காளிடம் போய், அத்தான் பேர் மறந்துவிட்டதா என்று கேட்டாள்.

“அவுகள எதுக்க வச்சுக்கிட்டு அவுக பேர எப்புடிடி சொல்றது?” என்றாள் என் மனைவி, கம்மிய குரலில். “அந்த டாக்டர் புள்ளைக்கு வேற கேள்வியே இல்ல போல.”

நாற்பத்தொரு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. பயத்தில் அது எனக்கே தோன்றவில்லை. விஷயம் தெரிந்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே கேள்வியை மாற்றினார். ஐயாவிடம் பிடிக்காதது என்ன என்று கேட்டார்.

“எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பாக” என்றாள், யோசிக்காமல்.

எல்லோருக்கும் இப்படித் திரும்பி வருவது அமைவதில்லை. அந்த வார்டிலேயே பார்த்தேன். அவளுக்கு இன்னமும் இடது கை கொஞ்சம் நடுங்குகிறது, சில சொற்கள் தாமதித்து வருகின்றன. மற்றபடி என்னை அதட்டும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறாள். கீரைக்கட்டு வாங்கினாலும் விலை அதிகம் என்று முணுமுணுக்கிறவன் நான். ஸ்கேன், மருந்து, ஆட்டோ, சாப்பாடு என்று அவளை மீட்க ஆன செலவை நினைத்தால் மட்டும் இன்றும் மனம் நிறைகிறது: ஒரு லட்சத்து எட்டாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.